இரும்பு வீட்டுக்குத் தங்கப் பூச்சு

"உமக்கு மூளை எண்டு ஒண்டு இருக்கே?"

உருத்திரமூர்த்தி போட்ட சத்தத்தில் ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரமே ஒருமுறை அதிர்ந்திருக்கும்.

மேசையில் ஒரு சின்ன வார்ப்பிரும்பு வீடு. கூரையில் காசு போட ஒரு வாய். நூறு வருடப் பழைய உண்டியல். மேல்மாடியில் தனியாக இருக்கும் ஜெர்மன் மூதாட்டி ஃபிராவ் வேபர் கொடுத்தது. அவர் காய்ச்சலில் கிடந்தபோது உருத்திரமூர்த்தியின் மனைவி புஷ்பராணி பத்து நாள் ரசம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதற்கு நன்றியாம்.

காலையில் உருத்திரமூர்த்தி வேலைக்குப் போகும்போது அது சாயம் உரிந்து கறுத்துக் கிடந்தது. இப்போது பொன்னாக மின்னியது.

"நாளைக்கு வருசப்பிறப்பெல்லே? குத்துவிளக்கோடை சேர்த்துப் பழப்புளி போட்டுத் தேய்ச்சன். மிஞ்சிக் கிடந்த தங்கப் பெயின்ற்றையும் பூசினன். வடிவாய் இருக்கெல்லே?"

உருத்திரமூர்த்தி விலைபேசி வரச்சொல்லி, அதை வாங்க வந்திருந்த பழம்பொருள் வியாபாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அந்தப் பழைய சாயத்துக்குத்தான் நானூறு யூரோ. இனி நாலு யூரோவும் பெறாது" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். உலகக் கிண்ணத்துக்கு முன் பெரிய டிவி வாங்க இருந்தார் மனுஷன்.

"இரும்புக்குப் புளி போடுற ஆளை நான் உலகத்திலை காணேல்லை!"

வாசல் மணி அடித்தது. ஃபிராவ் வேபர். பலகாரம் ருசிபார்க்க வரச்சொல்லிப் புஷ்பராணிதான் கூப்பிட்டிருந்தாள்.

உண்டியலைக் கண்டதும் அவர் அப்படியே நின்றுவிட்டார். கூரையைத் தடவினார். கண் கலங்கிவிட்டது.

"என் கணவர் சுரங்கத்தில் உழைத்துச் சேர்த்ததெல்லாம் இதில்தான். என் மகன் விற்கக் கேட்டான். விற்காமல் வைத்திருப்பவர்களுக்குத்தான் கொடுப்பேன் என்றேன். பாருங்கள், எவ்வளவு அழகாக வைத்திருக்கிறீர்கள்!"

கைப்பையிலிருந்து ஒரு யூரோவை எடுத்து அதற்குள் போட்டார்.

உருத்திரமூர்த்தியை வெட்கம் பிடுங்கித் தின்றது. முறுக்குத் தட்டை ஃபிராவ் வேபர் பக்கம் தள்ளினார்.

ஃபிராவ் வேபர் படியேறிப் போனதும் மனைவியிடம் மெல்லச் சொன்னார்:

"நல்ல காலம், உமக்கு இந்தப் பழம்பொருள் விசயம் ஒண்டும் தெரியாமல் போச்சு."

"ஆர் சொன்னது? என்ன செய்யக்கூடாது எண்டு அந்த வியாபாரிக்கே போன் எடுத்துக் கேட்டு, அதைத்தானே செய்தனான்!" என்றாள் புஷ்பராணி.