பட்டப்படிப்புக்கு இணையான

மகள் நீட்டிய சேர்க்கைப் படிவத்தைப் பேனர் கடைக்காரர் ஒரு தடவை படித்தார். அப்படியே குறுக்கே கிழித்துப் போட்டார்.

அவர் மனைவிக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெற்ற அப்பன் செய்கிற காரியமா இது?

அந்தக் காலேஜ் நாலு மாடிக் கட்டடம். வாசல் பேனரில் 'மூன்றே வருடத்தில் பட்டப்படிப்பு' என்று ஆள் உயர எழுத்து. அதை விட்டுவிட்டு, பொண்ணு பாலிடெக்னிக்கில் டிப்ளமோ சேரட்டும் என்கிறார் இந்த மனுஷன்.

டிப்ளமோ அரைப் படிப்பு, அக்கா பிள்ளைகள் எல்லாம் டிகிரி, நம்ம பொண்ணு மட்டும் இளப்பமா என்று அவள் பிலுபிலுவெனப் பிடித்துக்கொண்டாள். கல்லுளிமங்கன், வாயே திறக்கவில்லை. மூன்று நாள் அந்த வீட்டில் பாத்திரங்கள்தான் பேசின. மகள் அழுது அழுது முகம் வீங்கிப்போனாள்.

நாலாம் நாள் அம்மாவும் மகளும் புதுப் படிவத்தோடு கடைக்கே வந்துவிட்டார்கள்.

"நீங்க கையெழுத்துப் போடறீங்களா, நான் போடட்டுமா?"

அவர் கம்ப்யூட்டரில் ஒரு பேனரைத் திறந்தார். அதே காலேஜ் பேனர். அடித்துக் கொடுத்ததே இவர் கடைதானாம். 'பட்டப்படிப்பு' என்ற சொல்லுக்கு அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி என்னவோ இருந்தது. மவுஸை உருட்டிப் பெரிதாக்கினார்.

'க்கு இணையான சான்றிதழ்.'

அம்மா திரையருகே குனிந்து இன்னொரு தடவை படித்தாள்.

"டிகிரின்னா பல்கலைக்கழகம் கொடுக்கணும். இவங்களுக்கு எந்தப் பல்கலைக்கழகத்தோடயும் இணைப்புக் கிடையாது. இவங்களே அச்சடிச்சுக் கொடுக்கிற காகிதம் எந்த ஆபீஸ்லயும் செல்லாது. பாலிடெக்னிக் டிப்ளமோ அரசாங்கம் ஒத்துக்கிட்ட படிப்பு. முடிச்சா டிகிரியில நேரா ரெண்டாம் வருஷம் சேரலாம்."

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதாக்கச் சொன்னாங்க. ஆக்கினது நான்தானே. எந்த வாயால சொல்றது?"

அத்தனை ஏச்சையும் வாங்கிக்கொண்டு பொண்ணோட மூணு வருஷத்தைக் காப்பாற்றியிருக்கிறாரே, இவரைப் போய் என்னவெல்லாம் பேசிவிட்டோம் என்று மனைவி குமைந்தாள்.

மகள் மட்டும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இந்தப் பேனரைப் பார்த்து எங்க வகுப்புல பதினாறு பேர் சேர்ந்துட்டாங்கப்பா. அவங்க யாரோட அப்பாவும் பேனர் கடை வைக்கலையே."