போகவர டிக்கெட்

சென்னை எட்டு மணி நேரத் தூரம் என்று சுகந்தியை உள்ளூர்க் கல்லூரியிலேயே அடைத்துப்போட்ட அப்பா, லாரிக்காரர் குப்பண்ணன், இப்போது அவளுடைய லண்டன் டிக்கெட்டை விரல் வைத்துப் படித்தார். டெல்லியில் மதியம் ஒரு மணிக்குக் கிளம்பினால் லண்டனில் மாலை ஐந்து.

"நாலே மணி நேரமா? இதுக்கா ஆறு மாசமா எங்கூடச் சண்டை போட்டே? போயிட்டு வா."

அந்த ஊர்க் கடிகாரம் நம்முடையதைவிடப் பின்னால் ஓடுகிறது என்று சொல்ல வாயெடுத்தவள், இருமிச் சமாளித்தாள்.

அவர் தாளைப் புரட்டினார். திரும்பும் விமானம் இரவு எட்டுக்கு ஏறி மறுநாள் காலை பத்துக்கு இறங்கியது.

"வர்றதுக்கு மட்டும் ஏன் பதினாலு மணி நேரம்?"

"வர்றது ஏத்தம்ப்பா."

மலைப்பாதையில் பாதி ஆயுளை ஓட்டியவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏத்தம்னா அவசரப்படக் கூடாது கண்ணு. மெதுவாவே வா."