ஒருமுறை அழுதவள்

இறந்தவர்களின் நினைவுத்தளங்களுக்கு வீட்டார் கேட்கும் இணைய முகவரிகளுக்கு மதிப்பெண் போடுவது வசுமதியின் வேலை. ஐந்துக்குக் கீழே போனால் பெயர் கிடையாது, வெறும் எண்தான். அவள் பெயரை உரக்கப் படிப்பாள். எதிர்மேசை ஜெபராஜ் காதில் விழுந்தபடி தட்டச்சு செய்வார். பிறகு இருவரும் மார்க் பேசி முடிப்பார்கள்.

அன்று மதியம் வந்த பெயரைப் பார்த்ததுமே அனுப்பியது யாரென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பிறந்த அன்றே போய்விட்ட மகளின் அழுகையைக் கேட்டது அவளும் கணவன் சேதுவும்தான்.

"ஒருமுறை அழுதவள்" என்று வழக்கமான குரலில் படித்தாள்.

"சும்மா விவரம் சொல்ற பேரு மேடம். இப்படி ஆயிரம் குழந்தைங்க இருக்கும். பிராண்டா நிக்காது. மூணு போடலாமா?"

"மூணு ஜாஸ்தி. ரெண்டு போடுங்க."

ராத்திரி சாப்பாட்டில் சேது தட்டைப் பார்த்தபடியே சொன்னான்: "பாப்பாவுக்கு ஒரு பேரு கேட்டிருந்தேன். நம்பர்தான் வந்திருக்கு. உங்க ஆபீஸ்ல யாரு வசு இதுக்கு மார்க் போட்டது?"

அவள் ரசப் பாத்திரத்தை அருகே இழுத்தாள்.

"தெளிவா ஊத்தவா, கலக்கி ஊத்தவா?"