திருப்பிக் கேட்க வந்தவள்

"ஏங்க, அந்தத் திருமழபாடிப் பொம்பள வந்திருக்கா."

உண்ணாமலை மூச்சிரைக்கக் கொல்லைக்கு ஓடி வந்து சொன்னதும், கண்ணையன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"எந்தப் பொம்பள?"

"புதர் வெட்டுற மெஷினு வாங்கிட்டு வந்தீங்களே, அந்த வூட்டம்மா. ரெங்கம்மாளாம். பஸ்ஸு மாறி மாறி வந்து வாசல்ல நிக்கிறா. கருமாதி முடிஞ்ச கையோட அடுத்த வூட்டு வாசலை மிதிக்கிறாளே, வெவஸ்தை வேணாம்?"

அவள் புருஷன் மாரடைப்பில் போன பிறகு, கொழுந்தன்காரன் அவசர அவசரமாக விற்ற மெஷின் அது. அதிர்ஷ்டம் அடித்தது என்று குரும்பலூர் முழுக்கச் சொல்லித் திரிந்தாயிற்று. இப்போது பங்காளி எவனோ அவள் மனசைக் கலைத்துவிட்டான் போலிருக்கிறது.

"திருப்பிக் கேக்கத்தான் வந்திருக்கா. வேற என்ன சோலி அவளுக்கு இங்க?" என்றான்.

கொடுத்துவிட்டால் இவன் கதி அதோகதி. எண்பத்து மூன்றாம் வருஷத்து வறட்சியில் தரிசாகப் போட்ட கொல்லை முழுக்கச் சீமைக்கருவை மண்டிக் கிடந்தது. இந்த ஆவணியிலும் அதை வெட்டிப் பருத்தி ஊன்றாவிட்டால், நிலத்தை விற்றுவிட்டுத் திருப்பூருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

டிராக்டருக்கு அடியிலிருந்து மெக்கானிக் தர்மன் எழுந்தான். டிராக்டரிலிருந்து மெஷினுக்குப் போகிற சுற்று ராடு, ஏதோ பெரிய வண்டிக்குச் செய்தது. இந்தச் சின்ன வண்டிக்கு அளவாக அதை அறுத்து மாட்டுவதற்குள் அவன் இடுப்பு ஒடிந்துவிட்டது.

"தர்மா, ஓட்டிரலாமா?"

"இன்னும் வேலை கெடக்குண்ணே. பாதியில ஓட்டக் கூடாது. நாளைக்குக் காலைல முடிச்சிடுறேன்."

"நாளைக்கு மெஷினு இருக்காது. பொட்டு வையி, கற்பூரத்தைக் கொளுத்து."

பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டி மண்ணில் இறக்கிவிட்டால், எந்தச் சாமானையும் விற்றவர்கள் திருப்பிக் கேட்பதில்லை. கேட்டால் ஊர் காறித் துப்பும். தர்மன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். கண்ணையன் முறைத்த முறைப்பில் ஸ்டியரிங்கில் போய் உட்கார்ந்தான்.

"நீ போயி அவளை வாசல்லயே நிறுத்து," என்று பெண்டாட்டியை விரட்டினான் கண்ணையன். "மெஷினு பெரம்பலூருக்கு வெல்டிங்குக்குப் போயிருக்குன்னு சொல்லு. பூசை போடுற எடத்துல அவ மூஞ்சி தெரியப்படாது."

ரெங்கம்மாள் வாசல் வெயிலில் நின்றிருந்தாள். முப்பது வயசுகூட இருக்காது. உண்ணாமலை உட்காரச் சொல்லவில்லை, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவும் இல்லை.

"அண்ணன் இல்லீங்களா?"

"இல்ல."

"மெஷினு?"

"வெல்டிங்குக்குப் போயிருக்கு."

"அப்ப இன்னும் ஓட்டலீங்களா?"

"ஓட்டல."

ரெங்கம்மாள் பெருமூச்சு விட்டாள். "நல்லதாப் போச்சு தாயி. அண்ணன் வர்ற வரைக்கும் இப்படி ஓரமா குந்தியிருக்கேன்."

ஓட்டவில்லை என்றதும் என்ன சந்தோஷம் பார் இவளுக்கு, என்று உண்ணாமலைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவரு வர ராவாயிடும். நீங்க கெளம்புங்க. துக்கத்துல இருக்கறவங்க இப்படி ஊரு ஊராச் சுத்தக் கூடாது."

"தெரியுந்தாயி. கொழுந்தனும் போகாதேன்னுதான் சத்தம் போட்டாரு. கண்ணை மூடுனா தூக்கம் வரல. அதான் மனசு கேக்காம..."

அவள் முடிப்பதற்குள் வீட்டுக்குப் பின்னால் டிராக்டர் உறுமியது. கூடவே மெஷின் தடதடவென்று சுற்ற ஆரம்பித்தது.

ரெங்கம்மாள் முகம் வெளிறிவிட்டது. "இது எங்க மெஷினு சத்தமாச்சே."

"அது பக்கத்துக் கொல்லைல உழவு ஓட்டுறாங்க."

அவள் காதில் வாங்காமல் வீட்டைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். உண்ணாமலை பாய்ந்து போய் அவள் கையைப் பிடித்தாள்.

"எங்க போறீங்க? பொட்டு வச்சு மண்ணுல எறக்கியாச்சு. வித்தது வித்ததுதான். இனிமே யாரு கேட்டாலும் தர மாட்டோம்."

"எடுக்க வரல தாயி, கையை விடு. அவரு மாரடைப்புல போவல." ரெங்கம்மாள் கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள். "அந்தச் சுத்துற ராடுக்கு மேல ஒரு மூடி உண்டு. கிரீஸ் வைக்க எடஞ்சலா இருக்குன்னு அவரே கழட்டி எறிஞ்சாரு. வேட்டி முனைதான் பட்டுச்சு, ஆளையே இழுத்துச் சுருட்டிருச்சு. சொன்னா யாரும் வாங்க மாட்டாங்கன்னு கொழுந்தன் மறைச்சிட்டாரு. நானும் வாயை மூடிட்டு இருந்தேன். மூடி போடாம ஓட்டாதீங்கன்னு சொல்லத்தான் வந்தேன்."

உண்ணாமலையின் பிடி தானாக விட்டது. இருவரும் ஓடினார்கள். ரெங்கம்மாள்தான் முன்னால் ஓடினாள், இரண்டு கையையும் தூக்கி, "நிறுத்துங்க, நிறுத்துங்க," என்று கத்திக்கொண்டு.

முதல் புதரை வெட்டிவிட்டு டிராக்டர் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் அவள் சொன்னது எதுவும் கேட்கவில்லை. தலைமுடி அவிழ்ந்து ஓடி வருகிறவளை மட்டும் கண்ணையன் பார்த்தான்.

"கத்துனா கத்தட்டும், நீ நிறுத்தாத தர்மா," என்று சொல்லிவிட்டு, கற்பூரம் காட்டுவதற்காக மடிப்பை இறக்கிவிட்ட வேட்டியோடு, ராடு சரியாகச் சுற்றுகிறதா என்று பார்க்கப் பக்கத்தில் போய்க் குனிந்தான்.