சாயங்காலப் படம்

செயற்கைக்கோள் ரேடார் படத்தில் தண்ணீர் கறுப்பாகத் தெரியும், மரம் சாம்பலாக, சுவரும் தகரமும் வெள்ளை வெளேரென்று. எது எதுவென்று பிரித்து வண்ணம் கொடுப்பதுதான் அவள் வேலை. இந்த முறை வந்தவை அவள் வளர்ந்த இடத்தின் படங்கள். வீட்டை இடித்து ஏரியைப் பெரிதாக்கிப் பல வருஷமாயிற்று. ஆனாலும் வீடு இருந்த இடத்தில், தண்ணீருக்கு நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி.

"படத்துல விழுற வெறும் இரைச்சல்மா, நிஜப் பொருள் இல்ல, வடிகட்டிடு" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

வடிகட்டினாள். போகவில்லை. அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"நம்ம வீட்டை இடிச்சாங்கதானே?"

"பக்கத்துல நின்னு மூக்கைச் சிந்திக்கிட்டு நீயும்தானே பார்த்த? அப்பா உயிரோட இருந்திருந்தா வேனைக் குறுக்க நிறுத்தியிருப்பாரு."

செயற்கைக்கோள் அந்தப் பக்கம் சில நாள் காலையில் வரும், சில நாள் சாயங்காலம். எல்லாப் படங்களையும் ஓட்டிப் பார்த்தாள். காலைப் படங்களில் வீடு மட்டும். சாயங்காலப் படங்களில் வாசலை ஒட்டி இன்னொரு வெள்ளைப் புள்ளி, ஒரு வேன் அளவுக்கு.

இன்று சாயங்காலம் வருகிற நாள். மேசைக்காரர் பையை மாட்டிக்கொண்டு, "கிளம்பலையா?" என்றார்.

"அப்பா வரட்டும்" என்றாள், சின்ன வயதில் சாயங்காலம் சாப்பிடக் கூப்பிட்டால் வாசலில் உட்கார்ந்து சொன்ன அதே குரலில்.