ஒட்டாத பொட்டு

பிள்ளையார் கோவில் வாசலில் நின்ற புதுக் காரின் பானட்டில் சபேச குருக்கள் வைத்த சந்தனப் பொட்டு வழுக்கிக்கொண்டு இறங்கியது. “பெயிண்ட் மங்காம இருக்க நேத்துதான் கோட்டிங் போட்டேன் சாமி. தண்ணி, தூசி எதுவும் ஒட்டாது” என்றாள் காரின் சொந்தக்காரி வளர்மதி. சொல்லும்போதே அவள் முகம் வாடியது. “பொட்டு நிக்காம வண்டிய எப்படி எடுக்கறது?”

“சந்தனம்கூடவா ஒட்டாது?” குருக்களுக்குக் கவலையைவிட ஆர்வம்தான் அதிகமாக இருந்தது. சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்துக்கொண்டு குனிந்தார். கண்ணாடிபோல் மின்னிய கறுப்பில் அவர் முகம் அப்படியே தெரிந்தது. அதன் நெற்றியிலேயே பொட்டை அழுத்தி வைத்தார். அது மூக்கு வழியே மெல்ல இறங்கி, மோவாயைத் தாண்டி, முகத்தைவிட்டே போனது.

காலையில் இட்டுக்கொண்ட சந்தனத்தைத் தேடிக் குருக்களின் விரல் நெற்றிக்குப் போனது. வளர்மதியும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.