நின்ற இடத்திலிருந்து

நேற்றிரவு கணினியின் அடிப்படை மென்பொருளான கெர்னல் அப்டேட் ஆனதிலிருந்து, அதற்குள் தனிக் கணினிபோல் ஓடிய அலுவலகத்தின் பழைய விர்ச்சுவல் மெஷின் திறக்கவில்லை. ஊழியர்கள் கொடுத்த புகார்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன.

"பழசுதானேம்மா, விட்டுடு. நானே அதைத் தொட்டு ஒரு வருஷமாச்சு," என்றார் மேலாளர் தணிகைநாதன். மூன்றாவது முறையாகச் சொன்னதுதான் அதைச் சரிசெய்ய உட்கார்ந்திருந்த கணினிப் பிரிவுப் பூங்கோதைக்கு உறுத்தியது. விர்ச்சுவல் மெஷினை இயக்கும் மென்பொருளைக் கெர்னலோடு இணைக்கும் மாட்யூலை, புதிய கெர்னலுக்கு ஏற்றபடி மறுபடி உருவாக்கினாள். அப்டேட்டுக்காகக் கணினி தானாக அணைந்தபோது எந்த நிலையில் நின்றதோ, அதே நிலையில் திரை எழுந்து வந்தது. மேலே தணிகைநாதனின் லாகின் பெயர். நடுவில் ஒரு கேள்வி: எல்லாப் புகார்களையும் நிரந்தரமாக அழிக்கவா? அம்புக்குறி 'ஆம்' மீது நின்றிருந்தது.

"நீ போய் ஒரு காபி குடிச்சிட்டு வாம்மா," என்றபடி அவர் நாற்காலியை நெருக்கி இழுத்துப் போட்டார்.

பூங்கோதை மவுஸிலிருந்து கையை எடுக்கவில்லை.